அவள் மாற்றித் தராத எழுத்துகள்

என் பழைய போனில் ம என்று தட்டி இடம் விட்டால், என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்வாள். அவள் போன பிறகு ஓர் அறுவடை முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. இன்னும் சொல்கிறாள்.

நெல் அறுக்கும் மிஷினுக்கு முறை போட்டுக் கொடுப்பது என் வேலை. தை பிறந்ததும் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மிஷின்கள் லாரியில் ஏறி எங்கள் பக்கம் வரும். தெற்கே பாகூர், ஏம்பலம், வடக்கே மண்ணாடிப்பட்டு வரைக்கும் யார் நிலம் காய்ந்திருக்கிறது, யாருக்குப் பின்னால் யார், வண்டி எந்த வரப்பில் இறங்கும் என்று பார்த்து நிலத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்ன நாளில் அவர்கள் டிராக்டரும் தார்பாயும் ஆட்களும் தயாராக வைத்திருப்பார்கள். ஆள் இல்லாத நிலத்தில் மிஷின் நிற்காது. அடுத்த முறைக்காரர் நிலத்துக்குப் போய்விடும். அது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

இந்த வேலைக்கு வாய் வேண்டும். எனக்கு அது கிடையாது. போனில் யாராவது அலோ என்றாலே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நேரில் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தபடி நிற்பேன். அதனால் எல்லாவற்றையும் மெசேஜிலேயே சொல்லிவந்தேன். அதிலும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் ஒரு வரி தட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

அவள் வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மனு, விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம் என்று நாள் முழுக்க அதே வரிகள்தான். கடை கம்ப்யூட்டரில் அவற்றையெல்லாம் சுருக்கி வைத்திருந்தாள். இரண்டு எழுத்து தட்டினால் மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்று முழு வரியும் வந்து விழும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அவள் விரல் வேகம் என்று நினைத்துக்கொள்வார்களாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பாள்.

"நான் எங்கங்க அடிக்கறன், அதுவே அடிச்சிக்குது. நான் சும்மா பக்கத்துல உக்காந்துனு கீறன்."

என் போனிலும் அதே மாதிரி ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். எனக்குக் குழப்பமில்லாமல் இருக்க ஓர் எழுத்து போதும் என்றாள். ம தட்டினால், மிஷின் ஊருக்கு வந்துடுச்சி, கதிர் காஞ்சிடுச்சான்னு பாத்துட்டுச் சொல்லுங்க, மொற போட்டுடலாம் என்று வரும். வ தட்டினால், வண்டி வர லேட்டாவுது, கோச்சிக்காதீங்க, உங்க மொற உங்களுக்குத்தான் என்று வரும். ந என்பது இருப்பதில் பெரியது. நாளைக்கு உங்க மொற. வரப்புல கல்லு, கம்பி, பைப்பு எதாச்சும் கெடந்தா இன்னிக்கே எடுத்துப் போட்டுடுங்க. நெல்லு கொட்ட தார்பாய் ரெடியா வெச்சிக்குங்க. சின்னப் புள்ளைங்கள மிஷின் கிட்ட வுடாதீங்க.

கடைசி வரியை நான் கேட்கவில்லை. அவளாகச் சேர்த்தது.

அந்த வரிகள் என்னுடையவை அல்ல என்று எல்லா நிலத்துக்காரர்களுக்கும் தெரியும். என் நம்பரிலிருந்து போன மெசேஜுக்குச் சரிம்மா என்றுதான் பதில் போடுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. எழுத்தைத் தட்டி, விழுந்ததை அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். என்ன விழுந்தது என்று படித்ததே இல்லை. எனக்குப் படிக்க நேரமாகும். அவள் எழுதியது சரியாகத்தான் இருக்கும்.

பிறகு அவள் தொண்டையில் நோய் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். குரல் போய்விட்டது. அவள் போன் அதற்கு முன்பே கீழே விழுந்து கெட்டிருந்ததால் என் போனை வாங்கிக்கொண்டாள். சொல்ல வேண்டியதைத் தட்டித் திரையை என் பக்கம் திருப்புவாள். நான் உதட்டை அசைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பேன். முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருடத்தில் நான் படிப்பதை அவள் அவ்வளவு பொறுமையாகப் பார்த்தது அங்கேதான்.

போகப்போக விரலிலும் வலு குறைந்தது. தினமும் சொல்ல வேண்டியவற்றைச் சுருக்கங்களாக மாற்றிவிட்டாள். புதிய எழுத்துகளைத் தேடவில்லை. கட்டைவிரல் பழகிய இடத்திலேயே, என் மிஷின் எழுத்துகளின் மேலேயே தன் வரிகளைப் போட்டாள். எனக்கு வேலை இல்லாத மாதங்கள் அவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவளாகவே ஒருநாள் தட்டிக் காட்டினாள்.

"ஒங்க எழுத்தெல்லாம் நான் எடுத்துக்கினன். அறுப்புக்கு முன்ன மாத்தித் தரேன்."

மாற்றித் தரவில்லை. மார்கழியில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து தை பாதியில் மிஷின்கள் வந்தன. ஊரெல்லாம் கதிர் காய்ந்து நிற்கிறது. என்னால் உட்கார்ந்து துக்கம் காக்க முடியாது. மடுகரை ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து, பாகூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வரிசையாக ம தட்டி அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கூப்பிட்டார். பெரிய நிலத்துக்காரர், எப்போதும் கேலிப் பேச்சு.

"யோவ், இன்னாயா இது? என் கைய நீ ஏன்யா புடிச்சிக்கினு உக்காரணும்?"

எனக்குப் புரியவில்லை. அவர் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். மருந்து போதும். கொஞ்ச நேரம் கையப் புடிச்சிக்கினு உக்காருங்க. பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் அவர் மனைவி ஏதோ கேட்பது காதில் விழுந்தது. சரிப்பா, கதிர் காஞ்சிடுச்சி, மொற போட்டுக்கோ என்று வேகமாகச் சொல்லி வைத்துவிட்டார்.

டீக்கடை பெஞ்சில் அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் எப்படி இருந்தது என்பது அதற்குள்ளேயே எனக்கு மறந்துகொண்டு வந்தது. கடைசி மாதங்களில் எனக்கும் அவளுக்கும் இருந்தது இந்த வரிகள்தான். அவை அவளோடு போய்விட்டன என்று நினைத்திருந்தேன். போகவில்லை. என் சட்டைப் பையில், நான் எழுத்தைத் தட்டட்டும் என்று இருந்திருக்கின்றன.

வீட்டுக்கு வந்த பிறகு ஏம்பலத்தில் ஒருவருக்கு வண்டி தாமதமாகும் என்று சொல்ல வ தட்டினேன். கவனம் இருந்தது, ஆனால் விரல் முந்திக்கொண்டது. அரை மணி நேரத்தில் அவர் தன் மகனைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"வலிக்குது, யாரையாச்சும் கூப்புடுங்கன்னு போட்டுட்டு இங்க குந்தினு சோறு துன்னுகினு கீற. மிஷினுக்குக் காத்துனு இருந்த ஆளுங்கள அப்படியே வுட்டுட்டு வரேன்யா."

எழுந்து நின்றேன். உள்ளே படத்துக்குப் போட்டிருந்த மாலை அவர் கண்ணில் பட்டது. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மகன் போகும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

என் மகள் மூலக்குளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். விஷயம் அவள் காதுக்கு எட்டி அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டாள். போனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். பிறகு வந்து, பழைய வரிகளைத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றாள். ஆனால் ஓர் எழுத்துக்கு ஒரு வரிதான் நிற்கும். மிஷின் வரி வந்தால் அம்மாவின் வரி போய்விடும். வேண்டுமானால் அம்மாவுடையதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தாளில் எழுதினால் எல்லாம் ஒரே நேரத்தில் அங்கேயே கிடக்கும். நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கிடக்கும். இதில் அப்படி இல்லை. நான் ஓர் எழுத்தைத் தட்டுகிறேன், அவள் பதில் சொல்கிறாள். அப்பறம் பாத்துக்கலாம்மா என்று மட்டும் சொன்னேன்.

"அப்பறம் அப்பறம்னு சொல்லாதப்பா. அறுப்பு நேரம். யாருக்காவது இன்னாவாவது ஆயிடப்போவுது."

அவள் கையிலிருந்து போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். 

அதன் பிறகு மத்தியானங்களில் மிஷின் ஓடும் நிலத்தின் வரப்பில் உட்கார்ந்து எழுத்துகளைத் தட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மெசேஜாக யாருக்கும் போய்விடாத இடம் ஒன்றை மகள் காட்டித் தந்திருந்தாள். ச தட்டினால், சாப்டீங்களா, மொதல்ல போயி சாப்டுங்க என்பாள். க தட்டினால், கண்ணு கூசுது, ஜன்னல சாத்துங்க என்பாள். மேலே நல்ல வெயில் இருக்கும். எனக்குத் தெரியாதவையும் இருக்குமோ என்று அ முதல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பல எழுத்துகள் தனியாகவே நிற்கும். திடீரென்று ஒன்று பேசும். பூ தட்டியபோது, பூனைக்குப் பால் வெச்சீங்களா என்று வந்தது. ஆஸ்பத்திரியில் இதை எனக்குக் காட்டியதாக நினைவே இல்லை. அவள் படுத்த பிறகு நான் பூனையை மறந்துபோனேன். அதுவும் வருவதை நிறுத்திவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்க் கிண்ணத்தில் பால் வைத்தேன். காலையில் கிண்ணம் காலியாக இருந்தது. எந்தப் பூனை குடித்தது என்று தெரியாது. அதன் பிறகு தினமும் வைக்கிறேன்.

நா தட்டியபோது வந்ததுதான் என்னை அதிகம் உலுக்கியது.

"நான் தூங்கல. சும்மா கண்ண மூடிக்கினு கீறன்."

ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடினாலே எனக்குப் பயம் வந்துவிடும், தோளைத் தொட்டு அசைப்பேன். அதற்காகவே இதைப் போட்டு வைத்திருந்தாள். இப்போது வரப்பில் உட்கார்ந்து படித்தேன். எதிரே மிஷின் திரும்பி வந்தது. அதன் சத்தத்தில் யாரோ என் பின்னால் நிற்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் இல்லையென்று தெரிந்துவிடுமே.

தொழிலுக்கு அனுப்பும்போது ஒரு காவல் வைத்துக்கொண்டேன். விழுந்த வரியின் முதல் சொல்லைப் பார்ப்பது. மருந்து என்றோ வலிக்குது என்றோ இருந்தால் அழித்துவிட்டு நானே தட்டிக்கொள்வது. முழுவதும் படிக்க எனக்குப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. முதல் சொல் போதும் என்று நினைத்தேன்.

மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஓர் அம்மாள் குத்தகைக்கு நிலம் வைத்துப் பயிர் செய்கிறாள். கணவன் இல்லை. உதவித்தொகை மனுவை என் மனைவிதான் அடித்துக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பழக்கத்தில் அந்த அம்மாள் வில்லியனூர் வந்தால் கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவாள். மறுநாள் அவள் முறை என்று முன்பே டிரைவர் மூலம் வாய்ப்பேச்சாக முடிவாகியிருந்தது. டிராக்டர் பிடித்துவிட்டாள், ஆளும் சொல்லிவிட்டாள். என் மெசேஜ் வந்தால்தான் உறுதி என்று இருந்தாள். எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள்.

ந தட்டினேன். முதல் சொல்லைப் பார்த்தேன். நாளைக்கு என்று இருந்தது. பாதி நிம்மதியோடு அனுப்பினேன்.

போனது இது. நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னிக்கு வேணாம்.

ஆஸ்பத்திரியில் சோறு ஊட்ட ஸ்பூனை எடுத்தால் என் மனைவி காட்டும் வரி அது.

அந்த அம்மாள் அதைப் பார்த்ததும் டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் மிஷின் போனபோது வரப்பில் யாருமில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த நிலத்துக்குப் போய்விட்டான். எனக்கு அவன் சொன்னபோதே வானம் மூடிக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. சாயங்காலம் வரை விடவில்லை.

மறுநாள் நான் போனபோது பயிர் மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. டயர் வண்டி அந்தச் சேற்றில் இறங்காது. சேற்றிலும் ஓடும் செயின் வண்டி எங்கே இருக்கிறது என்று எல்லோரையும் கேட்டு, ஓட்டிவருகிறவனின் காலில் விழாத குறையாகச் சொல்லி வைத்துவிட்டுத்தான் அங்கே போனேன். அந்த அம்மாள் வரப்பில் குந்தி, கைக்கு எட்டிய கதிரைத் தூக்கித் தூக்கி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டதும் சாய்ந்தது. என்னைப் பார்த்ததும் போனை எடுத்து நீட்டினாள்.

"இது நீ போட்டதா?"

ஆமென்று தலையாட்டினேன். பிறகு இல்லையென்றும் ஆட்டினேன்.

"உன் பொண்டாட்டி பேசற மாதிரியே இருந்துது. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மறுபேச்சு கேக்காம டிராக்டர அனுப்பிட்டன். அப்பறம்தான் ரோசன வந்துது, அது எங்க இருக்குதுன்னு."

அன்றைக்கு நான் பேசினேன். ஆப், எழுத்துகள், ஆஸ்பத்திரி, ஸ்பூன், மகள் கேட்டும் நான் அழிக்க விடாதது எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஒருவரிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதாக நினைவில்லை. அவள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"செத்தும் அந்தப் பொண்ண வேல வாங்கினு கீறியே தம்பி."

நான் அவள் காலடியில் இருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது உன்கிட்ட சொன்னத எனக்கு ஏன் அனுப்பற? வூட்ல வெச்சிப் பேசு, யாரு வேணான்றது. ஊருக்குச் சொல்றத நீ வாயத் தொறந்து சொல்லு. உனக்கு வாயி இல்லியா?"

செயின் வண்டி மறுநாள் வந்து அறுத்தது. ஒரு பகுதி தேறியது. அடியில் கிடந்தது முளைவிட்டிருந்தது. ஈர நெல்லை ரோட்டில் கொட்டி நானும் அவளோடு நின்று காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்தேன். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வில்லியனூரில் இறங்கிப் பட்டன் போன் ஒன்று வாங்கினேன். சிம்மைக் கழற்றி அதில் போடச் சொன்னேன். கடைக்காரன், இதுல வாட்ஸப் வராதேண்ணா என்றான். வர வேண்டாம் என்றேன். பழைய போன் இப்போது வீட்டில், அவள் உட்காரும் ஜன்னலோரத்தில் சார்ஜில் கிடக்கிறது. அதிலிருந்து இனி யாருக்கும் எதுவும் போகாது. வெளியே போகும் வேலை அவளுக்கு முடிந்தது. மகள் வந்தபோது அதைப் பார்த்தாள். அழிக்கட்டுமா என்று கேட்கவில்லை. போகும்முன் தானும் ச தட்டிப் பார்த்தாள். பிறகு தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான் நிலத்துக்காரர்களைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தேன். முதலில் அலோ என்றதும் இரண்டு முறை வைத்துவிட்டேன். அப்படியும் அந்த அறுப்பு முடிந்தது. வீட்டுக்கு வந்தால் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் ஓர் எழுத்தோ இரண்டெழுத்தோ தட்டுவேன். நா மட்டும் தட்டுவதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கட்டும்.

இந்தத் தையில் மண்ணாடிப்பட்டு அம்மாளுக்கு மறுபடி முறை வந்தது. கூப்பிட்டேன். யாரு என்றாள். நான் யாரென்று சொல்லிவிட்டு, விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு உங்க மொற. வரப்புல கல்லு, கம்பி, பைப்பு எதாச்சும் கெடந்தா இன்னிக்கே எடுத்துப் போட்டுடுங்க. நெல்லு கொட்ட தார்பாய் ரெடியா வெச்சிக்குங்க."

எங்கேயும் திக்கவில்லை. நான் யோசிக்கவும் இல்லை. முதல் சொல் வந்ததும் மற்றவை தாமாக விழுந்துகொண்டிருந்தன. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாரும் கிடையாது. தெரிந்தும் கடைசி வரியும் வந்துவிட்டது.

"சின்னப் புள்ளைங்கள மிஷின் கிட்ட வுடாதீங்க."

 அந்தப் பக்கம் எங்கோ பின்னால் பஸ் போவது கேட்டது.

"சரிம்மா" என்றாள்.

வைத்துவிட்டாள். நான் பட்டன் போனில் அடுத்த முறைக்காரரைக் கூப்பிட்டேன்.